கர்ப்பால் சிங்கை நேர்ல பாத்தவங்க இருக்கீங்களா? உங்க கதையை சொல்லுங்க

ஜெலுத்தோங் வாசி:

வணக்கம் மக்களே. போன வாரம் பினாங்குல அக்கா வீட்டுக்கு போயிருந்தேன், சாயங்காலம் கடலோரமா நடக்கலாம்னு கர்ப்பால் சிங் டிரைவ் பக்கம் போனோம், அங்க போர்டை பாத்துட்டு அக்கா மகன் கேக்குறான், "மாமா, யாரு இந்த கர்ப்பால், பழைய பேட்மிண்டன் பிளேயரா?" பதினாறு வயசு பையன், பொறந்து வளந்தது எல்லாம் ஜெலுத்தோங்லயேதான். எனக்கு ஒரு நிமிஷம் என்ன சொல்றதுன்னே தெரியல. லோயர்டா, எம்.பி.டா, நம்ம ஊர் புலிடான்னு ஏதோ சொல்லி வச்சேன், அவன் ஓன்னு சொல்லிட்டு போனை நோண்ட ஆரம்பிச்சுட்டான். சரி, அவரை நேர்ல பாத்தவங்க யாராவது எழுதினா அவன்கிட்ட காட்டலாமேன்னுதான் கேக்குறேன். பெரிய கதையா இருக்கணும்னு இல்ல, ரோட்ல பாத்தது, செராமான்னு சொல்ற கட்சிக் கூட்டத்துல பாத்தது, எதுவா இருந்தாலும் போடுங்க.

முதல்ல என் கதை. 1986 தேர்தல், எனக்கு ஒம்போது வயசு. அப்பா ஹார்பர்ல வேலை, மூட்டை தூக்கி முதுகு போன ஆளு, ஆளுங்கூட்டணியில இருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ், அதான் ம.இ.கா., அதோட கிளையில மெம்பர் வேற. ஆனா ராத்திரி ஆச்சுன்னா என்னைய மோட்டார் பின்னாடி உக்கார வச்சுகிட்டு கர்ப்பாலோட எதிர்க்கட்சி ஜ.செ.க. செராமாவுக்கு போயிடுவாரு, அம்மாகிட்ட மட்டும் சொல்லாதேன்னு சொல்லி ஒரு ஐஸ் கச்சாங் வாங்கி குடுப்பாரு. கர்ப்பால் மேடை ஏறுனப்போ மழை பிடிச்சுகிச்சு. யாரும் நகரல. சீனத்து ஆத்தாங்க எல்லாம் பேப்பரை தலைக்கு மேல பிடிச்சுகிட்டு நிக்கிறாங்க. அவர் என்ன பேசுனாருன்னு எனக்கு ஒண்ணும் புரியல, குரல்தான் ஞாபகம் இருக்கு, கத்துற குரல் கிடையாது, அடித்தொண்டையில இருந்து நிறுத்தி நிறுத்தி வரும். அப்பா சிரிக்கிறப்போ நானும் சிரிச்சேன்.

வீட்டுக்கு வர்ற வழியிலதான் அப்பா அந்த புலி கதையை சொன்னாரு. 82-ல நாடாளுமன்றத்துல ம.இ.கா. தலைவர் சாமிவேலுக்கும் கர்ப்பாலுக்கும் வாக்குவாதம், சாமிவேலு தன்னை சிங்கம்னு சொல்லிக்கிட்டாராம், அதுக்கு இவரு சரி நீங்க சிங்கமாவே இருங்க நான் புலியா இருந்துட்டு போறேன், மலேசியாவுல சிங்கமே கிடையாதேன்னு சொல்லிட்டாராம். அன்னிலேருந்து ஜெலுத்தோங் புலி. எனக்கு பெரியவனான பிறகுதான் இதுல இருக்குற குசும்பே புரிஞ்சுது, சிங்குன்னா சிங்கம்னுதானே அர்த்தம், பேர்லயே சிங்கத்தை வச்சுகிட்டு அதை அவர்கிட்ட குடுத்துட்டு இவரு புலியை எடுத்துகிட்டாரு பாருங்க.

78-லேருந்து 95 வரைக்கும் அஞ்சு தேர்தல் ஜெலுத்தோங்ல ஜெயிச்சாரு. 99-ல தோத்துட்டாரு. அப்ப அப்பா ரெண்டு நாள் சரியா சாப்பிடல, ம.இ.கா. மெம்பர் கார்டு அப்பவும் பர்ஸ்லதான் இருந்துச்சு.

நைட்டு பஸ்:

நல்ல விஷயம் ஆரம்பிச்சிருக்கீங்க அண்ணே. என்கிட்டயும் ஒண்ணு இருக்கு, ஆனா நல்ல கதை இல்ல. பிறகு எழுதுறேன், இப்ப டூட்டி.

ஜூருபாசா அக்கா:

நான் கோர்ட்ல ஜூருபாசாவா, அதான் மொழிபெயர்ப்பாளரா, இருபத்தாறு வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவ. தமிழ், மலாய், இங்கிலீஷ். லெபோ லைட்ல இருக்குற பினாங்கு ஹைகோர்ட்லதான் பாதி ஆயுசு போச்சு. கர்ப்பாலை எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கே கிடையாது, ஆனா பேசினதுன்னா குட் மார்னிங் மட்டும்தான். கோர்ட்ல வேலை பாக்குறவங்க லோயர்கூட ரொம்ப பேச்சு வச்சுக்க கூடாது, அது எங்க பழக்கம்.

வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு அவரு அரசியல்வாதி. எங்களுக்கு தூக்கு கேஸ் லோயர். 83-ல சட்டத்தை மாத்தி போதைப்பொருள் கடத்துனா கட்டாய மரண தண்டனைன்னு ஆக்கிட்டாங்க, ஹெரோயின் 15 கிராம் இருந்தாலே கடத்தல்னு எடுத்துக்கலாம், கஞ்சான்னா 200 கிராம். ஜட்ஜுக்கு இரக்கம் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது, குற்றம் நிரூபணமாச்சுன்னா ஒரே தண்டனைதான். அதனால கேஸை எங்கயாவது ஒரு ஓட்டையில பிடிச்சு நிறுத்தினாத்தான் உண்டு. யார் கையில பை இருந்துச்சு, எடை போட்டது யாரு, சீல் யாரு வச்சது, பை ஒரு அறையில இருந்து இன்னொரு அறைக்கு போற வழியில யாரு கையில இருந்துச்சு, இப்படி. அவரு அந்த மாதிரி கேக்கும்போது சாட்சி கூண்டுல நிக்கிற போலீஸ்காரங்க கைக்குட்டையை எடுப்பாங்க, நான் பாத்திருக்கேன்.

வெளிநாட்டுக்காரங்க கேஸ்தான் பேப்பர்ல வரும். ஆஸ்திரேலியாக்காரங்க பார்லோ, சேம்பர்ஸ் ரெண்டு பேரையும் 86 ஜூலை மாசம் பூடு ஜெயில்ல தூக்குல போட்டாங்க, அதுல பார்லோவுக்காக அப்பீல்ல நின்னது கர்ப்பால். அப்புறம் நியூசிலாந்து அம்மா லோரேன் கோஹன், பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்ல மகனோட பிடிபட்டவங்க, 140 கிராமுக்கு மேல ஹெரோயின். 87 செப்டம்பர்ல அவங்களுக்கு தூக்குன்னு தீர்ப்பு. அடுத்த மாசமே ஓப்பராசி லாலாங்னு பெரிய கைது நடவடிக்கை, அதுல கர்ப்பாலையே ஐ.எஸ்.ஏ.வுல, அதான் விசாரணை இல்லாம உள்ள வைக்கிற சட்டத்துல, பிடிச்சு போட்டுட்டாங்க. தூக்கு கைதி ஒரு ஜெயில்ல, அவங்க லோயர் இன்னொரு ஜெயில்ல, யோசிச்சு பாருங்க. 89-ல வெளிய வந்து அந்த அப்பீலை நடத்தி தூக்கை ஆயுள் தண்டனையா மாத்திட்டாரு. அந்த அம்மா 96-ல விடுதலையாகி ஊருக்கு போயிட்டாங்க.

நான் சொல்ல வந்தது இது இல்ல. ஒரு நாள் ஒரு தமிழ் பையன், தோட்டத்துலேருந்து வேலை தேடி டவுனுக்கு வந்தவன், இருவத்திரண்டு வயசு. கேஸ் கர்ப்பாலோடது இல்ல, வேற லோயர். ஜட்ஜ் தண்டனையை படிச்சு முடிச்சாரு, மலாய்ல. பையன் என்னைய பாக்குறான். சட்டப்படி நான்தான் அதை தமிழ்ல சொல்லணும். சாகுற வரைக்கும் தூக்கிலிடப்படும்னு நான் சொல்லணும். சொன்னேன். சொல்லிட்டு வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்துட்டேன், கால் நடுங்குது. அப்ப கர்ப்பால் வேற கோர்ட்லேருந்து வெளிய வந்து இறங்குறாரு, கோட்டை கையில மடிச்சு போட்டுகிட்டு. என்னைய பாத்தாரு, நின்னாரு, உள்ள கோர்ட் கதவை ஒரு தடவை பாத்தாரு. அவருக்கு தெரிஞ்சிருச்சு. ஒண்ணும் பேசல. என் பக்கத்துல ஒரு நிமிஷம் சும்மா நின்னுட்டு அப்புறம்தான் இறங்கி போனாரு.

2023-ல கட்டாய மரண தண்டனையை எடுத்துட்டாங்க, ஜூலை 4-லேருந்து அமல். அன்னிக்கு அந்த படிக்கட்டுதான் ஞாபகம் வந்துச்சு.

ஜெலுத்தோங் வாசி:

அக்கா... என்ன சொல்றதுன்னு தெரியல. நன்றி.

ஆறு வருஷ பட்டதாரியின் அப்பன்:

கொஞ்சம் சிரிக்கிற மாதிரி ஒண்ணு சொல்றேன், மனசு கனமா போச்சு. நான் நேர்ல பாத்தது ஒரே ஒரு தடவை, கே.எல்.ல ஒரு கல்யாண விருந்துல, தூரத்துல. ஆனா எங்க வீட்டுல அவரு பேரு தினமும் அடிபட்ட காலம் உண்டு. என் மகன் லா படிக்கிறேன்னு போய் ரெண்டாவது வருஷம் ஃபெயில், மறுபடி ஃபெயில். எனக்கு கோவம்னா கோவம். அவன் அசராம சொல்றான், கர்ப்பால் சிங்கே சிங்கப்பூர் யுனிவர்சிட்டியில லா முடிக்க ஏழு வருஷம் எடுத்துகிட்டாருப்பான்னு. நான் நம்பல, விசாரிச்சா உண்மைதான்யா! டன்னர்ன் ரோடு ஹாஸ்டல்ல மாணவர் தலைவரா இருந்து ஊர் பிரச்சனையெல்லாம் இழுத்து போட்டுகிட்டு ஆட்டம் போட்டிருக்காரு மனுசன். 69-லதான் லோயரா பதிவாகுறாரு, அதே வருஷம் மே 13 இனக்கலவரம், அடுத்த வருஷம் ஜ.செ.க.வுல சேந்துட்டாரு, ஜெயிக்கிற கட்சியில சேரணும்னு நினைக்கிற ஆளு அந்த நேரத்துல அங்க போயிருக்க மாட்டான். 74-ல அலோர் ஸ்டார்ல கெடா சட்டமன்றத்துக்கு ஜெயிச்சாரு, 78-ல பினாங்குக்கு வந்துட்டாரு.

என் மகன் ஆறு வருஷத்துல முடிச்சுட்டான். கர்ப்பாலை விட ஒரு வருஷம் முன்னாடின்னு இன்னும் பெருமை பேசுறான், அதுக்கு மேல அவரு பண்ணதுல ஒண்ணுகூட இவன் பண்ணல.

ஈப்போ வெள்ளைக்காப்பி:

1988 மார்ச் 9. தேதியே மறக்காது. நான் ஈப்போவுல டைப்பிங் கிளாஸ் படிச்சுகிட்டிருந்தேன், கிளாஸ் முடிஞ்சு வர்ற வழியில ஹைகோர்ட் பக்கம் கூட்டம். என்னன்னு கேட்டா கர்ப்பால் சிங்கை விடுதலை பண்ணிட்டாங்கன்னு சொல்றாங்க. ஐ.எஸ்.ஏ.வுல உள்ள போனவங்களை கோர்ட் விடுறதுங்குறது அப்பல்லாம் கேள்விப்படாத விஷயம். அவருமேல எழுதியிருந்த ஆறு குற்றச்சாட்டுல ஒண்ணு தப்பு, நடக்காத ஒண்ணை எழுதி வச்சிருக்காங்க, ஒரு மனுசனோட சுதந்திரத்தை பறிக்கிற காகிதத்தை இப்படியா அக்கறை இல்லாம எழுதுறதுன்னு ஜட்ஜ் பே சுவீ சின் விட்டுட்டாரு. நான் கூட்டத்துக்குள்ள புகுந்து பாத்தேன், தலையும் கையும்தான் தெரிஞ்சுது. ஆள் மெலிஞ்சிருந்தாரு. எனக்கு தெரியாத ஒரு சீன தாத்தா என் கையை பிடிச்சு குலுக்கி குலுக்கி சிரிக்கிறாரு, என்னமோ நான்தான் கேஸ் ஜெயிச்ச மாதிரி.

வீட்டுக்கு போய் அப்பாகிட்ட பெருமையா சொன்னேன். அப்பா டாக்சி ஓட்டுறவரு, அரசியலே பேச மாட்டாரு. "பாப்பா, வீடு போய் சேந்தாத்தான் விடுதலை"ன்னாரு. மறுநாள் காலையில கடையில பேப்பரை பாத்தா மறுபடி பிடிச்சுட்டாங்க. ஒம்போது மணி நேரம். ஈப்போவுலேருந்து பினாங்குக்கு குடும்பத்தோட போற வழியில மறிச்சு திரும்ப கமுந்திங் தடுப்பு முகாமுக்கே கொண்டு போயிட்டாங்க. 89 ஜனவரியிலதான் விட்டாங்க. அந்த லாலாங்ல மொத்தம் நூத்துக்கு மேல ஆளுங்க உள்ள போனாங்க, அப்ப எதிர்க்கட்சி தலைவரா இருந்த லிம் கிட் சியாங், அவரு மகன் லிம் குவான் எங் எல்லாரும்.

எங்க அப்பா சொன்ன அந்த வார்த்தை எனக்கு இன்னிக்கும் ஆகும். பிள்ளைங்க பரீட்சை எழுதிட்டு வந்தா அதைத்தான் சொல்லுவேன்.

பால்காரர் பேரன்:

எல்லாரும் பாராட்டி எழுதுறீங்க, தப்பில்ல. ஆனா கம்போங் புவா பாலாங்கிற மாட்டுக்காரங்க கிராமம் பத்தி யாரும் பேசலையே? நான் அந்த கம்பத்துக்காரன் இல்ல, ஆனா எங்க தாத்தா அங்கேருந்துதான் பால் எடுத்து விப்பாரு, சின்ன வயசுல சைக்கிள் பின்னாடி உக்காந்து போயிருக்கேன். மாடு, சாணி வாசனை, பொங்கலுக்கு கோலம், பினாங்கு டவுன் நடுவுல ஒரு தமிழ் கிராமம். நிலம் கைமாத்துற முடிவு முந்தின மாநில அரசு காலத்துலேயே எடுத்ததுதான், ஒத்துக்கிறேன். ஆனா 2008-ல நம்ம ஆளுங்க ஆட்சிக்கு வந்தாச்சு, இனிமே பயம் இல்லன்னுதான் அந்த சனங்க நம்புனாங்க. 2009-ல வீடு எல்லாம் இடிச்சாச்சு. அது கர்ப்பாலோட புக்கிட் குளுகோர் தொகுதிக்குள்ளதான் இருந்துச்சு.

அவரை குத்தம் சொல்ல வரல. கோர்ட்லயும் கம்பத்து சனங்க தோத்துட்டாங்க, எம்.பி. ஒரு ஆளு என்ன பண்ண முடியும்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. ஆனா அவரு அப்பா ராம் சிங் அமிர்தசரஸ் பக்கத்துலேருந்து வந்து இங்க ஜாகா வேலை, அதான் வாட்ச்மேன் வேலை, பாத்தவரு, மாடும் வளத்தவரு. மாட்டுக்காரர் மகன் எம்.பி.யா இருக்குற தொகுதியில மாட்டுக்காரங்க கம்பம் போயிடுச்சேன்னு நினைச்சா வயிறு எரியும். அவ்வளவுதான்.

ஜூருபாசா அக்கா:

நியாயமான வருத்தம் தம்பி. ஆனா ஐ.எஸ்.ஏ.வுல பிடிச்ச இந்தியர் உரிமைக்கு போராடுன ஹிண்ட்ராஃப் அஞ்சு பேருக்கும் ஆட்கொணர்வு மனு வாதாடுனது அவருதான்ங்கிறதையும் பக்கத்துல வச்சு பாக்கணும். கார் விபத்துக்கு அப்புறம், சக்கர நாற்காலியில வந்து வாதாடுனாரு. கேஸ் தோத்துச்சு, அது வேற.

பால்காரர் பேரன்:

தெரியும்க்கா. அதனாலதான் குத்தம் சொல்ல வரலன்னு முதல்லயே எழுதுனேன்.

பினாங்கு பாய்:

எல்லாருக்கும் சத் ஸ்ரீ அகால், வணக்கம். நான் பஞ்சாபி. பக்கத்து வீடு, பள்ளிக்கூடத்து பிரெண்டு எல்லாம் தமிழ்தான், அதனால பஞ்சாபியை விட தமிழ்ல நல்லாவே சண்டை போடுவேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க.

நீங்க எல்லாம் எங்களை வங்காளின்னு கூப்பிடுவீங்க இல்ல, சின்ன வயசுல எனக்கு அதுல ரோஷம். நாங்க பஞ்சாபி, வங்காளத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்னு. எங்க தாத்தா, பாபாஜிதான் சொன்னாரு, கல்கத்தாவுல கப்பல் ஏறி வந்ததால இங்க இருந்தவங்க வங்காளின்னு வச்சுட்டாங்கன்னு. பாபாஜியும் ஜாகாதான். பேங்கு வாசல்ல கயித்துக்கட்டில் போட்டு படுத்திருக்குற தாடிக்கார வங்காளி, பிள்ளைங்களை பயமுறுத்த உங்க அம்மாங்க காட்டுவாங்களே, அந்த ஆளுதான் எங்க பாபாஜி.

அதனால ஒரு ஜாகா மகன் செயின்ட் சேவியர்ஸ்ல படிச்சு லோயர் ஆகி பிரதமரையும் அமைச்சரையும் எதிர்த்து கேள்வி கேக்குறாருன்னா எங்க வீட்டுல அது என்ன மாதிரி செய்தின்னு உங்களுக்கு புரியும்னு நினைக்கிறேன். அதே பெரியவங்க குறையும் சொல்லுவாங்க. தலைப்பா கட்ட மாட்டாரு, முடி வெட்டியிருப்பாரு, என்ன சிங்குன்னு. எங்க அத்தை, பூவாஜி ஒருத்தங்க மட்டும், தலைப்பா தலையில இருந்தா என்ன நாக்குல இருந்தா என்னன்னு கேப்பாங்க.

நான் அவரை பக்கத்துல பாத்தது ஜாலான் குருத்வாராவுல இருக்குற வாடா குருத்வாராவுல, வைசாகி பண்டிகை சமயத்துல. அங்க லங்கர்னு சொல்ற பொது பந்தியில யாரா இருந்தாலும் தரையில உக்காந்துதான் சாப்பிடணும், எம்.பி.யும் ஒண்ணுதான் லாரி டிரைவரும் ஒண்ணுதான். நான் ரொட்டி போட்டுகிட்டே வர்றேன். ரொட்டியை ரெண்டு கையையும் ஏந்தி வாங்கணும், அது மரியாதை. அவரும் ஏந்தி வாங்குனாரு. இது விபத்துக்கு முன்னாடி. 2005 ஜனவரியில வீட்டு வாசல்லயே, டாக்சி வீட்டுக்குள்ள திரும்புற நேரத்துல பின்னாடி வந்த கார் இடிச்சு, அதுக்கப்புறம் கால் போச்சு, வலது கையும் சரியா வரல. பிறகு டிவியில அவரை பாக்குறப்பெல்லாம் எனக்கு முதல்ல கண்ணுல படுறது அந்த கைதான்.

தள்ளுவண்டி மகன்:

பாய் சொன்னதுலேருந்து தொடருறேன். எங்க அப்பாவுக்கு பக்கவாதம், 2006-லேருந்து சக்கர நாற்காலி. வீட்டை விட்டு வெளிய வரவே மாட்டாரு. கூட்டிட்டு போனா வழியெல்லாம் படிக்கட்டு, சரிவு இருக்குற இடத்துல எவனாவது மோட்டாரை நிறுத்தியிருப்பான், டாய்லெட் கதவு சின்னதா இருக்கும். அப்பா அவமானமா நினைச்சு தலையை தொங்க போட்டுக்குவாரு.

2008 தேர்தல் நேரம், ஒரு செராமா, எங்க பிளாட்டுக்கு கீழயே. மேடைக்கு சரிவு கிடையாது. நாலு பேரு நாற்காலியோட கர்ப்பாலை தூக்குனாங்க. ஒரு பக்கம் சாஞ்சிருச்சு, கூட்டத்துல எல்லாரும் ஐயோன்னாங்க. அவரு முகத்துல ஒண்ணும் இல்ல, மைக்கை சரி பண்ண சொல்லிட்டு அரை மணி நேரம் பேசுனாரு, உக்காந்துகிட்டே, அதே குரல். மேல பால்கனியிலேருந்து அப்பா பாத்துகிட்டே இருந்தாரு. அன்னிக்கு ராத்திரி அப்பா கேட்டாரு, நாளைக்கு காலையில என்னைய மாமாக் கடைக்கு கூட்டிட்டு போறியாடான்னு. ரெண்டு வருஷம் கழிச்சு முதல் தடவை. தே தாரே குடிச்சுட்டு, "சக்கரை கம்மி"ன்னு கடைக்காரனை திட்டிட்டு வந்தாரு. எனக்கு அது போதும்.

அந்த தேர்தல்லதான் பினாங்கு ஆட்சி மாறுச்சு, நாடாளுமன்றத்துல மூணுல ரெண்டு போச்சு, 222-ல எதிர்க்கட்சிக்கு 82. சாமிவேலு சுங்கை சிப்புட்ல தோத்ததும் அதே ராத்திரிதான். 2013-ல புக்கிட் குளுகோர்ல கர்ப்பாலுக்கு 41 ஆயிரத்துக்கு மேல பெரும்பான்மை. நாற்காலியில இருந்தவரு ஓடிப்போய் ஓட்டு கேக்கவா முடியும்.

சும்மா ஒரு ஆளு:

அப்ப பதவி போன துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் கேஸ் பத்தி யாரும் எழுதலையே? 99-ல அன்வாருக்கு ஆர்செனிக் விஷம் குடுத்திருக்காங்கன்னு கோர்ட்லயே எழுந்து சொன்னாரு, சிறுநீர்ல வழக்கத்தை விட 77 மடங்குன்னு. கோர்ட்டுக்குள்ள லோயர் பேசுன பேச்சுக்கே தேச நிந்தனை கேஸ் போட்டாங்க, பிறகு வாபஸ் வாங்கிட்டாங்க. நான் அன்னிக்கு கோர்ட் வெளிய கூட்டத்துல இருந்தேன், கர்ப்பாலை பாக்கலை, கண்ணீர்ப்புகையைத்தான் பாத்தேன், அதனால என் கதை செல்லாதுன்னு நினைக்கிறேன். பாஸ் கட்சி இஸ்லாமிய நாடுன்னு பேசுனப்போ என் பிணத்தை தாண்டித்தான்னு சொன்னவரு, அந்த பாஸ் கட்சியோடயே பிறகு ஒரே கூட்டணியில உக்காந்தாரு, ஆனா சொன்ன சொல்லை மட்டும் கடைசி வரைக்கும் திருப்பி வாங்கல. பிடிக்காதவங்களும் நிறைய பேரு, 2009-ல நாடாளுமன்ற வளாகத்துலயே அவரு நாற்காலியை சுத்தி நின்னு மறிச்சாங்க.

நைட்டு பஸ்:

சரி, எழுதிடுறேன். நான் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டுறவன், கே.எல். – பட்டர்வொர்த் லைன், பெரும்பாலும் ராத்திரி. 2014 ஏப்ரல் 17, விடிஞ்சா வியாழன். தாப்பா தாண்டி குவா தெம்புரோங் பக்கம் வர்ற நேரம் வண்டியெல்லாம் நிக்குது. அந்த இடம் ஏத்தம், லாரிங்க மெதுவாத்தான் ஏறும், நாங்க அங்க எப்பவும் கண்ணை அகட்டி வச்சுக்குவோம். மணி ஒண்ணரை இருக்கும். மெதுவா ஊந்து போனா ஒரு லாரி, அதுக்கு பின்னாடி ஒரு அல்ஃபார்டு வேன், முன்பக்கம் நொறுங்கி கிடக்கு. போலீஸ் டார்ச் அடிச்சு போ போன்னு கை காட்டுறாங்க. நான் வழக்கம் போல மனசுக்குள்ள முருகான்னு சொல்லிட்டு போயிட்டேன். எத்தனையோ பாத்தாச்சு. ரோட்ல ஒரு கம்பி மாதிரி, சக்கரம் மாதிரி ஏதோ கிடந்துச்சு, சைக்கிளோன்னு நினைச்சேன். ஹைவேயில எவன் சைக்கிள் ஓட்டுறான்னுகூட அப்ப தோணல.

பட்டர்வொர்த்ல இறங்குனதும் ஒரு பயணி போனை பாத்துட்டு கத்துறாரு. கர்ப்பால் போயிட்டாருன்னு. கூட வந்த உதவியாளரும் அங்கயே இறந்துட்டாரு, அவரு நம்ம தமிழ் ஆளு, விபத்துக்கு பிறகு வருஷக்கணக்கா கர்ப்பாலை தூக்கி இறக்கி பாத்துகிட்டவரு. காலையில பினாங்கு கோர்ட்ல கேஸ் இருந்துச்சாம், அதுக்குத்தான் ராத்திரியோட ராத்திரியா கிளம்பியிருக்காரு, 73 வயசுல. அப்பதான் எனக்கு ரோட்ல கிடந்தது என்னன்னு உறைச்சுது.

நான் சீட்டுலயே உக்காந்துட்டேன். கண்டக்டர் வந்து சாவியை வாங்கிட்டு போனான்.

ஆறு வருஷ பட்டதாரியின் அப்பன்:

அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதானே அந்த தீர்ப்பு வந்துச்சு. 2009 பேராக் ஆட்சி கவிழ்ப்புல சுல்தான் எடுத்த முடிவை கோர்ட்ல கேள்வி கேக்கலாம்னு சொன்னதுக்கு தேச நிந்தனை, முதல்ல விடுதலை, அப்புறம் திரும்ப நடத்தி 2014 மார்ச்ல 4,000 ரிங்கிட் அபராதம். 2,000 ரிங்கிட்டோ அதுக்கு மேலயோ போனாலே எம்.பி. பதவி போயிடும்ங்கிற கணக்கு. கட்சி தலைவர் பதவியிலேருந்து அவரே விலகிட்டாரு. அப்பீல் நடக்குறதுக்குள்ள ஆளே போயிட்டாரு.

ஜூருபாசா அக்கா:

அப்பீல் நடந்துச்சு ஐயா. குடும்பத்தார் விடல. 2019 மார்ச் 29, ஃபெடரல் கோர்ட் அவரை நிரபராதின்னு சொல்லிடுச்சு. செத்து அஞ்சு வருஷம் ஆகப்போற நேரம். அப்ப நான் ரிட்டயர் ஆகிட்டேன், ஆனாலும் கூட வேலை பாத்த பிள்ளை ஒண்ணு போன் பண்ணி சொல்லுச்சு. அவரு ஆரம்பத்துலேருந்து கத்திகிட்டிருந்த ஐ.எஸ்.ஏ.வும் 2012-லயே போச்சு, அதையாவது கண்ணால பாத்துட்டு போனாரு. அதே 2019-ல அவரு மகன் கோபிந்த் அமைச்சரா இருந்தாரு, ஃபெடரல் அமைச்சரவையில முதல் சீக்கியர்.

பினாங்கு பாய்:

இறுதி ஊர்வலத்துக்கு நான் வாலன்டியரா தண்ணி பாட்டில் குடுத்துகிட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை, வெயில்னா வெயில். டேவான் ஸ்ரீ பினாங்குல மாநில மரியாதை, அப்புறம் அவரு படிச்ச செயின்ட் சேவியர்ஸ், ஹைகோர்ட்னு வண்டி நின்னு நின்னு போச்சு. கோர்ட் வாசல்ல லோயருங்க கறுப்பு கோட்டோட வேர்த்து ஊத்த நிக்கிறாங்க. தண்ணி வேணுமான்னு கேட்டா ஒருத்தரும் வாங்கல, வண்டி போன பிறகுதான் வாங்குனாங்க. புலி பொம்மை கொண்டு வந்தவங்க, சாம்பிராணி ஏத்துன சீன ஆத்தா, மலாய்க்கார பாக்சிக் (பெரியவர்) ஒருத்தர் சொங்கோக் தொப்பியை கழட்டி நெஞ்சுல வச்சுகிட்டு. எங்க பூவாஜியை நாற்காலி போட்டு ஓரமா உக்கார வச்சிருந்தேன், எண்பத்தஞ்சு வயசு. எல்லாம் முடிஞ்சதும் என்கிட்ட, "தலைப்பா கட்டாத ஒருத்தனுக்கு எத்தனை பேரு தொப்பி கழட்டுறான் பாத்தியா"ன்னாங்க.

பால்காரர் பேரன்:

நானும் அன்னிக்கு அங்கதான் நின்னேன் பாய். உங்ககிட்ட தண்ணி வாங்கியிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

ஜெலுத்தோங் வாசி:

எல்லாத்தையும் அக்கா மகன்கிட்ட படிச்சு காட்டிட்டேன். அவன் தமிழ் எழுத்து கூட்டித்தான் படிப்பான், அதனால நானே படிச்சேன். ஜூருபாசா அக்கா கதை வரும்போது போனை கீழ வச்சுட்டான். எல்லாம் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "மாமா, தாத்தா கடைசி வரைக்கும் ம.இ.கா. மெம்பராவே இருந்தாரா?"

ஆமாண்டா, கார்டு இன்னும் எங்கிட்டதான் இருக்குன்னு பர்ஸ்லேருந்து எடுத்து காட்டுனேன். அதுக்கு பின்னாடி அப்பா மடிச்சு வச்சிருந்த பேப்பர் துண்டு ஒண்ணு, மஞ்சளா போயிருச்சு, 86 செராமா நோட்டீஸ். அதை போட்டோ எடுத்து போடுறேன், கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, ஒட்டிட்டு போடுறேன்.